சென்னை–மதுரை வான்தூர விளக்கம்

முதற்பொருள் இரண்டு, அவை நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வரையறுத்துவிட்டது. விமான அட்டவணையும் வேறெதையும் சொல்வதில்லை. நிலத்தைக் கிலோமீட்டராகவும் பொழுதை நிமிடமாகவும் அச்சிட்டு, கருப்பொருளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலையும் தனிக் கட்டணத்தில் ஒரு சாண்ட்விச்சையும் வைத்து முடித்துக்கொள்கிறது. ஆகவே சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலுள்ள வான்தூரமும் அதைக் கடக்கும் காலமும் இலக்கணத்தின் பாற்பட்டவை. இத்துறையில் இதுவரை உரை எழாமைக்கு, நல்ல உரையாசிரியர்கள் எல்லோரும் விமானம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

தூரம் முதலில். மீனம்பாக்கத்து ஓடுபாதையிலிருந்து மதுரை ஓடுபாதைக்கு 417 கிலோமீட்டர். விமானி இதை 225 கடல் மைல் என்பார். மதுரையில் கடல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். உயரத்தை அடியிலும், ஓடுபாதையின் நீளத்தை மீட்டரிலும், எரிபொருளைக் கிலோவிலும் கணக்கிடுபவரும் அவரே. காதம் என்பது பத்து மைல் என்று அகராதி வழிநின்று கொண்டால், இது 26 காதம். ஒரே கூட்டுக்குள் இத்தனை அளவைகளும் சச்சரவின்றி வாழ்கின்றன. சச்சரவெல்லாம் நடு இருக்கைக்காரர் தம் இரண்டு முழங்கைகளையும் எங்கே வைப்பது என்பதில்தான்.

417 என்ற எண்ணிலும் கட்சி உண்டு. பூமி முழு உருண்டை என்று கொண்டு, கப்பலோட்டிகள் காலத்து ஹாவர்சைன் சூத்திரத்தால் கணக்கிடுவோர்க்கு விடை 418.6 வரும். பூமி துருவங்களில் சற்றே அமுங்கியது என்போர்க்கு 417.2 வரும். வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். வானத்தில் இது பத்து விநாடி. மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவில் இருபது நிமிடம். பூமியின் வடிவம் பற்றிய விவாதத்தில் அவரவர் காட்டும் அக்கறை, அவரவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்க.

இனி, விமானம் செல்வது நேர்கோடே அன்று, பூமியின் முதுகை ஒட்டிய வளைகோடு. மெய்யான நேர்வழி பூமியைக் குடைந்து செல்வது என்று ஒருவர் தடை எழுப்பலாம். தடை நியாயமானது. சென்னையிலிருந்து மதுரைக்கு அப்படி ஒரு சுரங்கம் வெட்டினால், அது நடுவழியில், அதாவது திட்டக்குடிப் பக்கம், தரைக்கு 3.4 கிலோமீட்டர் கீழே செல்லும். மிச்சமாகும் தூரம் 74 மீட்டர். திட்டக்குடிக்காரர்களின் கருத்தை அறிந்த பிறகு இதை மேலே எடுத்துச் செல்லலாம்.

தூரம் அளக்கும் கலை மீனம்பாக்கத்துக்குப் புதிதன்று. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவைப் பணி, இன்றைய ஓடுபாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலை அடிவாரத்தில்தான் 1802 ஏப்ரலில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் நூறு அடிச் சங்கிலி ஒன்றை வைத்துக்கொண்டு, தெற்கே பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அந்தச் சங்கிலி, சீனப் பேரரசருக்குக் கொண்டுபோய் அவர் வேண்டாமென்று சொன்ன அன்பளிப்புகளுள் ஒன்று. ஏழரை மைலுக்கு ஆன காலம் 57 நாள். இன்று அதே தொலைவை அலுவலகம் விடும் நேரத்தில் கடப்பவர்கள், லாம்டன் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்றே கருதுகிறார்கள். அந்த வேகத்தில் மதுரை வரை சங்கிலி போட்டிருந்தால் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். நல்லவேளையாக, ஒரு பக்கத்தை அளந்துவிட்டால் மற்றவற்றைக் கோணத்தால் பெறலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோணம் பார்க்க உயரம் வேண்டும். உயரத்துக்குச் சோழநாட்டில் கோபுரம்தான். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைக் கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி கோபுரத்தில் மோதியது. கருவிதான் நசுங்கிற்று. அதைப் பிரித்துத் தட்டி நிமிர்த்த ஆறு வாரம் ஆயிற்று. தாமதத்துக்காக வருந்துகிறோம் என்று யாரும் அறிவித்ததாகக் குறிப்பு இல்லை.

மேற்சொன்ன 417 கிலோமீட்டர்க் கோட்டை நிலப்படத்தில் வரைந்து பார்த்தோர் சிலரே. வரைந்தால் ஒரு செய்தி வெளிப்படும். கோடு செங்கல்பட்டைத் தொடுகிறது. மேல்மருவத்தூருக்கும் திண்டிவனத்துக்கும் பக்கத்திலேயே போகிறது. விழுப்புரத்தின் உச்சியில் ஏறி, உளுந்தூர்பேட்டையை உரசி, திருச்சியின் மேல் செல்கிறது. இந்த வரிசையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுவது இயல்பு. பேருந்து நிலையத்தில் நடத்துனர் கூவுவது இதைத்தான். விமானமும் பேருந்தும் ஏறத்தாழ ஒரே வழியில், ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. சாலைத் தூரம் சுமார் 460 கிலோமீட்டர். வானூர்தி என்னும் இத்தனை பெரிய ஏற்பாட்டால் தூரத்தில் கிடைத்த லாபம் பத்தில் ஒரு பங்குதான்.

இதற்கும் மேலே ஒன்று. விமான நிலையம் இருப்பதே ஜி.எஸ்.டி. சாலையில். பெரம்பூரில் இருப்பவர் மதுரை விமானத்தைப் பிடிக்க மதுரை செல்லும் சாலைக்குத்தான் வருகிறார். அங்கே நிலைய வாசலைத் தாண்டித் தெற்கே போகும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, சாலையை விட்டு உள்ளே நுழைந்து, காலணியையும் இடுப்பு வாரையும் கழற்றிக் காட்டி, மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பிறகு அந்த வண்டிகளின் தலைக்கு மேலே பறந்து போகிறார். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முதலில் பார்த்த வண்டி திண்டிவனத்தில் தேநீருக்கு நின்றிருக்கும்.

விமானம் எழும்பிய உடனே மதுரையை நோக்கித் திரும்பும் என்று நினைப்பதும் பிழை. மதுரை இங்கிருந்து தெற்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்த திசை. சென்னையின் பெரிய ஓடுபாதையோ கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் லேசாகச் சாய்ந்து கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்தே எழும்ப வேண்டும். ஆகவே கடற்காற்று வீசும் பிற்பகலில், மதுரைக்குப் புறப்பட்ட விமானம் முதலில் அந்தமானை நோக்கிக் கிளம்புகிறது. வங்கக் கடலை எட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே நினைவு வந்ததுபோல வலப்பக்கம் திரும்பி மாமதுரைக்கு வழி தேடுகிறது.

இங்கே சூலம் குறுக்கிடுகிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். வியாழன் தெற்கே சூலம். மதுரை செல்பவர் வியாழனைத் தவிர்த்துச் சனிக்கிழமை டிக்கெட் எடுத்தார் என்க. கடற்காற்று வீசினால் அவரைக் கேளாமலே விமானம் கிழக்கே எழும்பிவிடும். கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் தயிர். தயிரை உண்ண வேண்டியவர் பயணியா, திசையைத் தேர்ந்த விமானியா, அவருக்கு ஓடுபாதையைச் சொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்து அதிகாரியா என்று வினவினால், மூவரும் உண்பது தகும் என்பதே நம் துணிபு. தயிரால் தீங்கு வந்ததாக எங்கும் சொல்லப்படவில்லை.

ஆயினும் கிழமையே எது என்பதில் ஐயம் உண்டு. விமானத்துறை உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் வைத்திருக்கிறது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் விமானம், விமானி கணக்கில் வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்குக் கிளம்புகிறது. இது வெள்ளைக்காரன் வழக்கு என்று தள்ளிவிடலாகாது. என்னை? பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். அதிகாலை ஐந்து மணி அதற்கும் வெள்ளிக்கிழமையே. கிரீன்விச்சின் நள்ளிரவு நமக்கு அதிகாலை ஐந்தரை, ஏறக்குறைய நம் விடியல். விமானி அறையும் பாம்புப் பஞ்சாங்கமும் கிழமையில் உடன்படுகின்றன. கைபேசியில் சனிக்கிழமை என்று காட்டிக்கொண்டிருக்கும் பயணி ஒருவர்தான் தனித்து நிற்கிறார்.

பொழுதுக்கு வருவோம். சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம் என்றால், வானத்தில் இருப்பது முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. ஜெட் விமானமானால் குறையும். இரண்டு விசிறி வைத்த ஏ.டி.ஆர். ஆனால், அது மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் போவதால், கொஞ்சம் கூடும். அட்டவணையில் போடுவதோ ஒன்றேகால் மணி, ஒன்று இருபது. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

விமானத்துறை நான்கு பொழுதுகளைக் குறித்துக்கொள்கிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர்வது ஒன்று. சக்கரம் தரையை விடுவது இரண்டு. சக்கரம் தரையைத் தொடுவது மூன்று. மீண்டும் கட்டை வைப்பது நான்கு. அட்டவணைக் காலம் என்பது கட்டையிலிருந்து கட்டை வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் ஐந்து விமானங்களுக்கு வழிவிடுவது, இறங்கிய பின் நிற்க இடம் தேடுவது எல்லாம் இதில் அடக்கம். அத்தனைக்கும் மேல், எதற்கும் இருக்கட்டும் என்று சில நிமிடம் கூட்டிப் போடுவார்கள். இதனால் ஒரு நன்மை உண்டு. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரும்; தலைமை விமானி அதை ஒலிபெருக்கியில் அடக்கத்தோடு அறிவிப்பார்; பயணிகள் அறிவியலை வியப்பர். அதற்கும் மேல், குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடம் வரை பிந்தினாலும் அது நேரம் தவறாமை என்றே நம் நாட்டுக் கணக்கில் எழுதப்படும். இவ்வளவு பெருந்தன்மையான காலக்கணக்கு கல்யாண வீட்டு முகூர்த்தத்துக்குக்கூட இல்லை.

புறப்பாடே இரண்டு வகை ஆனபின், இராகுகாலம் பார்ப்பவர் எதைக் கொள்வது? சனிக்கிழமை இராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. 8.50க்குக் கட்டை எடுத்த விமானம் 9.10க்குத் தரையை விட்டால் அது நல்ல நேரத்தில் புறப்பட்டதா? கட்டையே புறப்பாடு என்பர் ஒரு சாரார். சக்கரமே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. வீட்டு வாசல்படியை விட்டு இறங்கியதே புறப்பாடு என்று முன்னோர் தெளிந்திருந்தனர். அதுவும் நல்ல நேரத்துக்கு ஒத்துவராவிட்டால், ஒரு மூட்டையை மட்டும் முன்கூட்டியே நல்ல நேரத்தில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். விமான நிறுவனங்கள் இந்தச் சடங்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பெட்டியை வாங்கிவைத்துக்கொள்கின்றன. 15 கிலோவுக்கு மேற்பட்ட பரஸ்தானத்துக்கு மட்டும் காசு கேட்கின்றன. இது பழைய மரபில் இல்லை.

காத்திருக்கும் நிலத்தின் திணை யாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது நூலோர் கருத்து. விமான நிலையமும் எந்த ஊரில் கட்டினாலும் ஒன்றுபோலவே இருக்கிறது; அதனால் அது பாலை, வாசலில் நிகழ்வது பிரிதல். உள்ளே நாற்காலி வரிசையில் முல்லைக்குரிய இருத்தல். கவுண்டரில் மருதத்துக்குரிய ஊடல். வாயில் வேறு எண்ணுக்கு மாற்றப்பட்டது என்ற அறிவிப்பு வந்ததும் அது முற்றும். மதுரையில் சுழலும் பட்டையருகே நின்று, எல்லார் பெட்டியும் வந்து தன் பெட்டி வராமல் நிற்பவர்க்கு நெய்தல். பெட்டியும் உடையாரும் கூடினால் குறிஞ்சி. இதனை விரிப்பின் பெருகும்.

மொத்தக் கணக்கு இது. பெரம்பூர்க்காரர் விமான நேரத்துக்கு மூன்று மணி முன்னால் வீட்டை விட்டு இறங்குகிறார். கட்டையிலிருந்து கட்டை வரை ஒன்றேகால் மணி. பெட்டிக்கு அரை மணி. மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி. ஆக ஐந்தரை மணி. இதில் 417 கிலோமீட்டருக்கு ஆனது ஒரு மணி. எஞ்சிய நாலரை மணி, நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கும் ஒரு நாற்காலிக்கும் ஆனது. வந்தே பாரத் எழும்பூரிலிருந்து மதுரைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஆவதைச் சேர்த்தால் ஏழு. ஒன்றரை மணி நேரம் விமானத்துக்கே வெற்றி. இதை மறைப்பது உரையாசிரியர்க்கு அழகன்று. 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், மீட்டர் கேஜ் தண்டவாளத்திலேயே ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பிறகு பாதை அகலமாயிற்று, எஞ்சின் மாறிற்று, மின்சாரம் வந்தது. இப்போதும் அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கொண்ட கொள்கையை விடாத வண்டி.

ஆனால் இந்த ஒப்பீடுகள் எல்லாம் விழித்திருப்பவர்க்கே பொருந்தும். இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்து விடியலில் மதுரையில் எழுபவர், செலவிட்ட காலம் யாது? தூங்கிய நேரம் வீட்டிலும் தூங்கியிருக்க வேண்டிய நேரமே. அதைப் பயணத்தின் தலையில் எழுத வழியில்லை. படுக்கை விரிக்கப் பத்து நிமிடம், காலையில் பல் துலக்க வரிசையில் நிற்கப் பதினைந்து நிமிடம், ஆக இருபத்தைந்து நிமிடத்தில் மதுரை. இந்நிலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர்ப் படுக்கையில் குறட்டை இருந்தால் இச்சூத்திரம் செல்லாது என்பது புறனடை.

எஞ்சியது வந்துசேர்தல். அட்டவணைக்கு நான்காம் பொழுதில், கட்டை வைத்ததும், பயணம் முடிந்தது. மதுரையில் காத்திருக்கும் அத்தைக்கு அப்போதுதான் கணக்கே தொடங்குகிறது. அவரும் நான்கு பொழுதுகளைக் குறிக்கிறார், போனில். “கெளம்பிட்டியாப்பா?” ஒன்று. “ஏறிட்டியா?” இரண்டு. “எறங்கிட்டியா?” மூன்று. “எங்கிட்டு வந்துக்கிட்டிருக்க?” நான்கு. முதல் மூன்றுக்கும் உண்மையான விடை கிடைக்கும். நான்காவதற்குப் பெட்டிப் பட்டையருகே நின்றபடியே “வில்லாபுரம் தாண்டிட்டேன் அத்தை” என்பது மரபு வழுவமைதி. அத்தை அதைக் கேட்டு அரை மணி கூட்டிக்கொண்டு, அதன்பிறகே உலை வைக்கிறார். விமானத்துறையின் கணிப்பில் பதினைந்து நிமிட விலக்கு வேண்டியிருக்கிறது. இவருடைய சோறு சூடு தப்பியதாகக் கேள்வியில்லை.

மதுரை விமான நிலையம் பெருங்குடியை ஒட்டி இருக்கிறது. சென்னைப் பெருங்குடியில் குடியிருப்பவர் 417 கிலோமீட்டர் பறந்து பெருங்குடியில் வந்து இறங்குகிறார் என்பதை ஆராய்ச்சி முழுமை பெறும்பொருட்டுக் குறிக்கிறோம்.

திரும்பும் தூரமும் இதுவே. காலம் மட்டும் வேறு. ஊருக்கு வந்தவர் திரும்பும்போது பெட்டியில் முறுக்கு, வடகம், கருவாடு, இரண்டு வகை ஊறுகாய் ஆகியவை சேர்ந்திருக்கும்; கவுண்டர்த் தராசு 19 கிலோ காட்டும். ஊறுகாயைக் கையில் எடுத்துப்போகப் பாதுகாப்புச் சோதனையில் விடுவார்களா என்பது ஐயம். ஆகவே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஊறுகாயை உள்ளேயே விட்டு, புடவைகளையும் முறுக்கையும் கைப்பைக்கு மாற்ற வேண்டும். பின்னால் நிற்பவர் ஒதுங்கி நின்று யோசனையும் சொல்வார். மதுரை–சென்னை மார்க்கத்துக்கு இதன்பொருட்டு இருபது நிமிடம் கூட்டிக்கொள்க. கருவாடு கவனிக்கப்பட்டால் முப்பது.